அலகு முதலில்

என் மகள் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடிக்குக் குடிபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, வீட்டுல வச்சுக்க ஒரு டிரில் மெஷின் வாங்கணும். எத்தனை வாட் வாங்கலாம்?"

திரைச்சீலைக் கம்பி, புத்தக அலமாரி, சமையலறையில் கரண்டி மாட்டும் சட்டம், ஒரு கண்ணாடி. இவ்வளவுதான் அவளுக்கு வேலை. நாலு துளைக்கு ஆள் கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. வந்தாலும் அவள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில்தான் வருகிறார்கள்.

"வாட்டை விடும்மா. உன் வீட்டுச் சுவர் என்ன சுவர்?" என்று கேட்டேன்.

"சுவர்தான்ப்பா. பெயிண்ட் அடிச்ச சுவர்."

தொழிற்பயிற்சி நிலையத்தில் 31 ஆண்டுகள் ஃபிட்டர் பிரிவில் பாடம் நடத்தியவன் நான். என் தாத்தா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தச்சு ஆசாரி. அப்பா வயர்மேன். மூன்று தலைமுறையாகத் துளை போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டிலிருந்து வந்த பெண் சுவரைத் தட்டிப் பார்க்காமல் வாட்டைக் கேட்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. தப்பு அவளுடையதல்ல. கடையில் அட்டைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது வாட் மட்டும்தான். அன்று தொலைபேசியில் அவளிடம் சொன்னது கொஞ்சம். சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

தாத்தாவின் கருவிப்பெட்டியில் இருந்ததன் பெயர் துரப்பணம். ஒரு முழ நீளக் கருங்காலித் தண்டு. அதன் மேல்முனை ஒரு கொட்டாங்குச்சிக்குள் சுழலும். கொட்டாங்குச்சியில் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, அதை இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். தண்டின் நடுவில் ஒரு தோல்வார் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். வாரின் இரண்டு முனையும் ஒரு மூங்கில் வில்லில் கட்டியிருக்கும். வலது கையால் வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். பெரிய கதவு நிலைக்குத் துளை போடும்போது வில்லை எடுத்துவிட்டு நீளக் கயிற்றைச் சுற்றுவார். தாத்தா மேலே அழுத்திக்கொள்ள, எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் மாற்றி மாற்றிக் கயிறு இழுப்பது என் வேலை. தயிர் கடைவது போல இருக்கும். ஏழெட்டு வயதில் தேக்குத் தூளின் வாசனை அந்தத் துளையிலிருந்து எழுந்து முகத்தில் அடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

தண்டின் கீழ்முனையில் செருகியிருக்கும் இரும்புத் துண்டுக்கு அலகு என்று பெயர். பறவையின் அலகுக்குச் சொல்கிற அதே சொல். தட்டையாக, ஈட்டி முனை போல இருக்கும். அதன் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி சாணை பிடித்திருக்க வேண்டும். காரணம், வில்லை முன்னே தள்ளும்போது தண்டு ஒரு பக்கம் சுற்றும், பின்னே இழுக்கும்போது மறுபக்கம் சுற்றும். அலகு இரண்டு திசையிலும் மரத்தைச் சுரண்டியாக வேண்டும். இதை நான் புரிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து, மாணவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய பிறகுதான். இன்றைக்கு நாம் வாங்கும் முறுக்கு அலகு ஒரே திசையில்தான் வெட்டும். அதைக் கொண்டுபோய் தாத்தாவின் துரப்பணத்தில் செருகினால் பாதி இழுப்பு வீண். கருவி எப்படிச் சுழல்கிறதோ அதற்கேற்ற அலகு, வெட்டப்படும் பொருள் எதுவோ அதற்கேற்ற அலகு. தாத்தா இதை வாயால் சொன்னதில்லை. ஆனால் அவர் பெட்டியில் தண்டு ஒன்று, அலகு பதினான்கு.

தச்சர்கள் மரத்தில் போடும் துளைக்குத் தமர் என்று தமிழில் தனிப் பெயரே உண்டு. அதைப் போடும் ஊசிக்குத் தமரூசி என்று பெயர். அகராதியைப் புரட்டினால் இரண்டும் இருக்கின்றன. பட்டறையில் இப்போது யாரும் சொல்வதில்லை.

வில் வைத்துத் துளை போடும் இந்தக் கலை எவ்வளவு பழையது என்றால், அது மரத்தோடு நிற்கவில்லை, மனிதன் பல்லிலும் போட்டிருக்கிறான். பலுசிஸ்தானத்தில் மெஹர்கர் என்னும் புதிய கற்கால ஊரின் இடுகாட்டில் ஒன்பது பேரின் பதினொரு பற்களில் துளைகள் கிடைத்தன. 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கூரான கல்முனை பொருத்திய வில் துரப்பணத்தால் போட்டவை என்று ஆராய்ந்தவர்கள் 2006இல் எழுதினார்கள். துளை போட்ட பிறகும் அந்த மனிதர்கள் அந்தப் பற்களால் மென்றிருக்கிறார்கள், துளையின் விளிம்பு தேய்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. அந்த ஊரில் மணிகளுக்குத் துளை போட்டவர்கள் இருந்தார்கள். மணிக்குப் பழகிய கைதான் பல்லுக்கும் போயிருக்க வேண்டும்.

சிந்துவெளிக்காரர்கள் நீளமான சூதுபவள மணிகளின் நெடுக்கே துளை போட்டார்கள். சூதுபவளம் எஃகைவிடக் கடினமான கல். அதைத் துளைக்க அவர்கள் ஒரு தனிக் கல்லைத் தேடிப் பிடித்து, அதைச் சூடாக்கிப் பதப்படுத்தி அலகு செய்தார்கள். அந்தக் கல்லுக்கு இன்றைய ஆய்வாளர்கள் எர்னஸ்டைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சானுதாரோவில் அகழாய்வு செய்த எர்னஸ்ட் மக்கேயின் பெயரிலிருந்து வந்தது. அந்த அலகை வைத்துச் சோதனை செய்து பார்த்தபோது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழம்தான் போயிற்று. ஒரு சாண் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் மணிக்கு எத்தனை நாள் வில் இழுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். நூல் பிசகினால் மணி வீண்.

நம் பக்கத்தில் இதற்குச் சான்று நொய்யல் ஆற்றின் வடகரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இது என்பது அறிஞர்கள் முடிவு. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டத் தொடங்கியபோது பச்சைக்கல், சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக்கல் என்று பலவகைக் கல்மணிகள் வந்தன. முடிந்த மணி, முடியாத மணி, உடைத்துப் போட்ட சில்லு எல்லாம் சேர்ந்தே வந்ததால்தான் அது வெறும் சந்தை அல்ல, மணி செய்த பட்டறை என்று தெரிந்தது. பச்சைக்கல் கிடைக்கும் படியூர் அங்கிருந்து தூரமில்லை. நான் இரண்டு முறை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். வெறும் மண்மேடுதானே சார் என்று ஒரு பையன் கேட்டான். உன் தொழிலில் உனக்கு முன்னால் இங்கே ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஆள் இருந்திருக்காங்கப்பா, வந்து பார்த்துட்டுப் போ என்றேன்.

இன்னொன்றும் அந்தப் பையன்களுக்குச் சொல்வேன். கடினமான கல்லை அறுக்கவும் மெருகேற்றவும் உலகம் முழுக்கப் பயன்பட்ட பொடி குருந்தக்கல்லின் பொடி. கொரண்டம் என்று ஆங்கிலேயர் சொல்வது நம் குருந்தம்தான், தமிழிலிருந்து போன சொல். அதே பொருளை, அதாவது அலுமினிய ஆக்சைடை, இப்போது உலையில் செய்து சாணைச் சக்கரமாக விற்கிறார்கள். எங்கள் நிலையத்தில் மாணவன் தேய்ந்த அலகை எந்தச் சாணையில் பிடித்தானோ அந்தச் சாணையே குருந்தம்தான்.

ஐரோப்பாவில் வில்லை விட்டுத் தொடர்ச்சியாக ஒரே பக்கம் சுழற்றும் வழியைத் தச்சர்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் கண்டார்கள். வளைந்த கைப்பிடியைச் சுற்றினால் அலகு சுற்றும். நம் பட்டறைகளில் பிரேஸ் என்பார்கள். நியூயார்க்கில் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மெரோட் பலிபீட ஓவியத்தில், ஏசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பு தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து இதே கருவியால் பலகையில் துளை போடுகிறார். 1430ஐ ஒட்டி வரைந்த படம். ஒரே பக்கம் சுழலத் தொடங்கியதும் அலகின் வடிவமும் மாறலாயிற்று. ஆனால் உலோகத்துக்கு ஏற்ற முறுக்கு அலகு வர இன்னும் நானூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1863இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வெட்டிய இரும்புத் தூள் துளைக்குள்ளேயே அடைபடாமல் முறுக்குப் பள்ளத்தின் வழியே தானே மேலேறி வெளியே வந்துவிடும். அதுதான் அதன் நுட்பம். முனையை 118 பாகைக் கோணத்தில் சாணை பிடிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் அளவி வைத்துச் சொல்லிக்கொடுத்தது இந்த மோர்ஸின் வாரிசுக்குத்தான்.

அலகைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்கு சக் என்று பெயர். மூன்று தாடையும் ஒன்றாக மூடித் திறக்கும் சக்கை ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902இல் காப்புரிமை செய்தார். பழைய சக்கைத் திறப்புச்சாவியால் முறுக்கும்போது கைமுட்டி சிராய்ந்துபோன கோபத்தில் அவர் இதைச் செய்தார் என்பார்கள். கைமுட்டி சிராய்க்காத தொழிலாளி யாருமில்லை. அந்த வலி வேண்டாம் என்று முடிவு செய்தவர் அவர்.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் மின்சாரம் வருகிறது. 1889இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆர்தர் ஆர்னட், வில்லியம் பிரெய்ன் இருவரும் மின்துரப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். பாறையைத் துளைக்க, நிலக்கரி தோண்ட அவர்கள் நினைத்த இயந்திரம் அது. கையில் எடுத்துப் போவதற்கானதல்ல. கையில் பிடிக்கும்படி செய்தவர்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனத்தார், 1895இல். சுமார் ஏழரை கிலோ எடை. நெஞ்சால் முட்டுக் கொடுத்து அழுத்த வேண்டும். தாத்தா கொட்டாங்குச்சியை உள்ளங்கையால் அழுத்தினார், இவர்கள் நெஞ்சால் அழுத்தினார்கள்.

துப்பாக்கிப் பிடி போன்ற கைப்பிடியும், விரலால் அழுத்தினால் ஓடி, விட்டால் நிற்கும் விசையும் வந்தது அமெரிக்காவின் பால்டிமோரில். டங்கன் பிளாக், அலன்சோ டெக்கர் என்ற இரண்டு நண்பர்கள் 1910இல் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொழில் தொடங்கினார்கள். ஒருவர் தன் காரை விற்றார், மற்றவர் வீட்டை அடகு வைத்தார். கைத்துப்பாக்கியைப் பார்த்துத்தான் அந்தப் பிடி அவர்களுக்குத் தோன்றியது. 1917இல் காப்புரிமை கிடைத்தது. இந்த விசையின் அருமையை ஒரு தரம் சிக்கலில் மாட்டியவனுக்குத்தான் தெரியும். அலகு கம்பியில் மாட்டிக்கொண்டு இயந்திரம் கையைத் திருகும்போது, விரலை எடுத்தால் போதும், நின்றுவிடும். தனியாகச் சுவிட்சைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்த இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டாம் உலகப்போர் நடந்தபோது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கால் அங்குல டிரில்கள் அடிக்கடி காணாமல் போயின. தொழிலாளர்கள் வீட்டு வேலைக்காக எடுத்துப் போயிருந்தார்கள். இதைக் கண்ட பிளாக் அண்ட் டெக்கர், வீட்டில் இதற்குத் தேவை இருக்கிறது என்று புரிந்துகொண்டு, 1946இல் வீட்டுக்கென்றே ஒரு கால் அங்குல டிரில்லை 16.95 டாலருக்குக் கொண்டுவந்தது. சந்தையில் ஆய்வு நடத்தி யாரும் கண்டுபிடித்ததல்ல. வேலை தெரிந்த கைகள் தங்கள் வீட்டையும் சரிசெய்துகொள்ள ஆசைப்பட்டன, அவ்வளவுதான். எடுத்துப் போனது சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்த ஆசை எனக்குப் புரிகிறது.

எங்கள் ஊரில் அந்த ஆசைக்கு இயந்திரம் கிடைக்க ரொம்ப நாளாயிற்று. 1960களில் கிராமம் கிராமமாக மின்சாரம் வந்த காலத்தில் அப்பா வயரிங் வேலை செய்தார். சுவரில் துளை போட அவரிடம் இருந்தது சுத்தியலும் ஒரு உளியும்தான். நட்சத்திரம் போன்ற முனை இருக்கும் உளி. ஒரு அடி அடித்து, உளியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி அடிக்க வேண்டும். நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர் அது. நாலு விரல் துளைக்கு நாற்பது ஐம்பது அடி. துளைக்குள் தேக்குக் கட்டை வைப்பார். கட்டையைக் கூம்பாகச் செதுக்கி, அகலமான பக்கம் உள்ளே போகும்படி வைத்து, சுற்றிச் சிமெண்டுக் கலவை பூசிவிடுவார். அகலம் உள்ளே இருப்பதால் இழுத்தாலும் வராது. கலவை இறுகும்வரை காத்திருந்து, மறுநாள்தான் அந்தக் கட்டையில் மரச்சட்டத்தைத் திருகாணி வைத்து முடுக்குவார். ஒரு வீட்டுக்கு வயரிங் செய்ய வாரக்கணக்காகும். எங்கள் தெருவில் அப்பா வைத்த கட்டைகள் சில இன்னும் சுவரில் இருக்கின்றன.

இந்தக் கட்டையை ஒழித்தவர் லண்டன்காரர் ஜான் ஜோசப் ராலிங்ஸ். பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைப் பெரிதாக உடைக்காமல் மின்கருவிகள் பொருத்த வேண்டிய வேலை அவர்கள் நிறுவனத்துக்கு வந்தது. சணலைப் பசையால் இறுக்கிச் சிறு குழலாகச் செய்து துளையில் செருகினார். திருகாணி உள்ளே போகப் போகச் சணல் விரிந்து சுவரைக் கவ்விக்கொண்டது. 1911இல் காப்புரிமை. அந்தக் காலத்தில் உலகத்துச் சணல் என்றால் பெரும்பாலும் வங்காளத்துச் சணல்தான். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் நைலானில் சாம்பல் நிறச் செருகியைச் செய்தார். நாம் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் செருகியெல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் நம் எலெக்ட்ரீஷியன்கள் இன்றும் அதை ராவல் பிளக் என்றுதான் கேட்கிறார்கள். ராலிங்ஸின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது.

சின்னச் செருகி போதும் என்றானதும் சின்னத் துளை போதும் என்றாயிற்று. சுவரில் சின்னத் துளையைச் சீராகப் போட உளியால் முடியாது, சுழலும் அலகு வேண்டும். செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் சாதாரண எஃகு அலகு ஒரு நிமிடத்தில் மழுங்கும். அதற்கு விடை 1920களில் ஜெர்மனியில் வந்தது. டங்ஸ்டன் கார்பைடு. வைரம் போல என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி, க்ருப் நிறுவனம் அதற்கு விடியா என்று பெயர் வைத்தது. நம் பட்டறைகளில் கார்பைடு முனை வைத்த எதையும் விடியா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சுவர் அலகின் நுனியைப் பாருங்கள், கூரைபோல ஒரு சிறு தகடு பற்றவைத்திருக்கும். அதுதான் விடியா. அது உடைந்துபோன அலகு வெறும் கம்பி. எத்தனை வாட் கொடுத்தாலும் சூடாகுமே தவிர உள்ளே போகாது.

சுழற்றினால் மட்டும் கான்கிரீட் விடாது, அடிக்கவும் வேண்டும். அப்பாவின் உளி செய்ததும் அதுவே: அடி, திருப்பு, அடி, திருப்பு. இயந்திரம் அதை இரண்டு வகையாகச் செய்கிறது. இந்த இடத்தில்தான் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இம்பாக்ட் டிரில் என்று விற்பதில் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சுற்றும். பல் ஏறி இறங்கும்போதெல்லாம் அலகு ஒரு தாவல் தாவும். நிமிடத்துக்கு நாற்பதாயிரம் அடிக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும். எண்ணிக்கை பெரிது, ஒவ்வொரு அடியும் மிகச் சிறிது. செங்கல்லுக்கு அது தாராளம். ரோட்டரி ஹாமர் என்பது வேறு. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு சுத்தியலைத் தள்ளும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். ஆனால் ஒவ்வொன்றும் அடி என்று சொல்லத்தக்க அடி. போஷ் நிறுவனம் 1932இல் கொண்டுவந்த முறை இது. இதற்கு அலகும் வேறு. அடிப்பகுதியில் பள்ளம் வெட்டி, செருகித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும் எஸ்டிஎஸ் அலகு. சாதாரண சக்கில் அது நிற்காது.

என் மகள் சொன்ன பெயிண்ட் அடித்த சுவருக்கு இனி வருகிறேன். "ஆணி ஒண்ணு எடுத்து மெதுவா அடிச்சுப் பாரு. என்ன தூள் வருது சொல்லு" என்றேன். சிவப்புத் தூள் என்றால் செங்கல். சாம்பல் நிறத்தில் மெத்தென்று வந்தால் சாம்பல் செங்கல்லோ இலகுவான ஏஏசி பிளாக்கோ. வெள்ளையாக, மாவாகக் கொட்டினால் பட்டிதான், இன்னும் உள்ளே போக வேண்டும். அவள் அடித்தாள். ஆணி வளைந்தது. இன்னொரு சுவரில் அடித்தாள். அங்கேயும் வளைந்தது. புரிந்துவிட்டது. புதிய அடுக்குமாடிகளில் பல, அலுமினியச் சட்டங்களை நிறுத்திச் சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட்டாக வார்த்த வீடுகள். மிவான் முறை என்பார்கள். அந்த வீட்டில் செங்கல்லே கிடையாது. அப்படிப்பட்ட சுவரில் 650 வாட் இம்பாக்ட் டிரில்லை அழுத்து அழுத்தென்று அழுத்தினால் அலகு முனை நீலம் பாரிக்கும், மோட்டார் நாறும், துளை அரை விரல் போகாது. அதே சுவரில் சின்ன ரோட்டரி ஹாமர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். நாட்டுச் செங்கல் வீடு என்றால் நேர்மாறு. ரோட்டரி ஹாமர் அந்தச் சுவரைப் பெயர்த்துவிடும். 10 மில்லிமீட்டர் சக் உள்ள சாதாரண டிரில்லே அதற்குப் போதும். ஏஏசி பிளாக்கில் அடியே கூடாது, சுழற்சி மட்டும் போதும். டைல்ஸில் முதலில் அடியை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கென்று வரும் ஈட்டி முனை அலகால் மெதுவாகத் துளைத்து, டைல்ஸைத் தாண்டிய பிறகு சுவர் அலகுக்கு மாற வேண்டும். அந்த ஈட்டி முனையைக் கடையில் முதல் முறை பார்த்தபோது தாத்தாவின் பதினான்கு அலகில் ஒன்றைப் பார்த்ததுபோல் இருந்தது.

அலகில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். ஐயாயிரம் கொடுத்து இயந்திரம் வாங்கிவிட்டு, கூடவே இலவசமாகத் தரும் பத்து அலகோடு வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். 6 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் சுவர் அலகு நல்லதாக ஒவ்வொன்று, மரத்துக்கு நடுமுனை உள்ள அலகு மூன்று, இரும்புக்கு முறுக்கு அலகு ஐந்தாறு. வீட்டுக்கு இவ்வளவு போதும்.

எங்கள் நிலையத்தில் மும்பையில் தயாரான ராலி உல்ஃப் டிரில்கள் இருந்தன. இரும்பு உடம்பு, தூக்கினால் தோள் இறங்கும், இருபது ஆண்டு உழைத்தவை. இரும்பு உடம்பு என்றதும் அப்பாவின் நினைவு வருகிறது. 1970களின் கடைசியில் ஒரு ஒப்பந்தக்காரர் அவருக்குக் கொடுத்த டிரில்லின் எர்த் கம்பி பிளக்குக்குள் கழன்று கிடந்திருக்கிறது. உள்ளே எங்கோ மின்கம்பி உரசி உடம்பில் மின்சாரம் பாய்ந்துவிட்டது. அப்பா ஏணியில் நின்றிருந்தார். ஏணியிலிருந்து விழுந்ததால்தான் டிரில் கையை விட்டது, உயிர் தப்பியது. வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் முறிந்தது. அதற்குப் பிறகு அவரால் உளி பிடிக்க முடியவில்லை. நான் தொழிற்பயிற்சியில் சேர்ந்தது அந்த ஆண்டுதான். அதனால்தான் 31 ஆண்டும் என் முதல் வகுப்பு அலகைப் பற்றியோ சக்கைப் பற்றியோ இருந்ததில்லை. பிளக்கைக் கழற்றி எர்த் கம்பியைக் காட்டுவதுதான் முதல் வகுப்பு.

இன்று வரும் இயந்திரங்களின் உடம்பு பிளாஸ்டிக். உள்ளே இரண்டு அடுக்கு மின்காப்பு. பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும். அந்தக் குறி இருந்தால் எர்த் இல்லாமலே பாதுகாப்பு உண்டு என்று பொருள். பெட்டியில் வாட்டைத் தேடும் கண் முதலில் அந்தக் குறியைத் தேட வேண்டும்.

கம்பியே வேண்டாம் என்ற காலம் 1961இல் தொடங்கியது. நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் அந்த ஆண்டு கொண்டுவந்தது. பத்தே ஆண்டில், 1971இல், அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் பேட்டரி டிரில்லால் நிலாவில் துளை போட்டார். நிலாவின் மண் எதிர்பார்த்ததைவிட இறுகியிருந்தது, அலகைத் திரும்ப உருவ அவரும் ஜேம்ஸ் இர்வினும் படாத பாடு பட்டார்கள். சுவரை அறியாமல் அலகைத் தேர்ந்தால் நிலாவிலும் இதுதான் நடக்கும். வீடுகளுக்கு ஏற்ற எடையும் வலுவும் வந்தது லித்தியம் பேட்டரிக்குப் பிறகு. 2003இல் போஷ் இக்ஸோ என்ற சிறு திருகாணி முடுக்கியில் அது வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் டிரில்களுக்கும் பரவியது.

பேட்டரி டிரில்லை நான் விரும்புவதற்குக் காரணம் கம்பி காலில் மாட்டாது என்பதல்ல. சுவருக்குள் ஓடும் வயரைத் துளைத்துவிடுவதுதான் வீட்டில் டிரில் பிடிப்பவருக்கு இருக்கும் பெரிய ஆபத்து. மின்சாரத்தில் ஓடும் டிரில்லுக்கு மின்சாரம் வேண்டும், ஆகவே மெயினை அணைக்க முடியாது. பேட்டரி டிரில்லை எடுத்தால் மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யலாம். தாத்தாவின் துரப்பணத்துக்குப் பிறகு, வீட்டின் மின்சாரத்தைத் தொடாமல் துளை போடும் கருவி நமக்கு இப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை.

மகள் கடைசியில் வாங்கியது எஸ்டிஎஸ் அலகு மாட்டும் சிறிய பேட்டரி ரோட்டரி ஹாமர். கூடவே நல்ல அலகு நாலு. அடுத்த ஞாயிறு நான் சென்னைக்குப் போனபோது திரைச்சீலைக் கம்பி மாட்டியாகிவிட்டது. புத்தக அலமாரிக்கான நாலு துளையை என் கண் முன்னே போட்டாள். ஒவ்வொன்றும் பத்து விநாடி.

உங்கள் வீட்டில் கன்சீல்டு வயரிங் இருந்தால், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும், பிளக் பாயிண்டுகளின் நேர்க்கோட்டிலும் துளை போடாதீர்கள். வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். பேட்டரி டிரில் கையில் இருந்தால், அலகு சுவரைத் தொடும் முன் போய் மெயினை அணைத்துவிட்டு வாருங்கள்.